அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் துணைப் பயிற்சியாளரின் பணிவாழ்க்கை: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டமொன்றைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு, ஆடுகளத்தின் ஓரத்தில் ஹெட்செட் அணிந்து நிற்கும் ஒருவரின் முகம் திரும்பத் திரும்பக் காட்டப்படும். அவர் தலைமைப் பயிற்சியாளர். அந்நாட்டின் பல மாநிலங்களில் ஆளுநரைவிடவும் பல்கலைக்கழகத் தலைவரைவிடவும் அதிகச் சம்பளம் பெறும் பொது ஊழியர் அவரே. அவருக்குப் பின்னாலும், அரங்கின் உச்சியில் உள்ள கண்ணாடி அறையிலும் இருந்துகொண்டு ஆட்டத்தைக் கணத்துக்குக் கணம் நடத்துகிற பத்துப் பேரின் பெயர்கள் அந்த அணியின் ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர்களே துணைப் பயிற்சியாளர்கள். அவர்கள் இத்தொழிலுக்குள் எப்படி நுழைகிறார்கள், எப்படி உயர்கிறார்கள், எப்படி ஒரே நாளில் வேலை இழக்கிறார்கள் என்பதை இந்த விளையாட்டை அறியாதவருக்கும் புரியும்படி இக்கட்டுரை விளக்க முயல்கிறது. தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். துணைப் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு வைத்தவர் ஒரு தனி மனிதர். அந்த மனிதர் பதவியில் இருக்கும்வரைதான் பெரும்பாலும் இவருக்கும் பதவி. இத்தொழிலின் ஏற்ற இறக்கங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். இங்கே கால்பந்து எனப்படுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து. களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு 11 பேர் நிற்பார்கள். பந்து தம்மிடம் இருக்கும்போது இறங்கும் தாக்குதல் பிரிவு, எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் தற்காப்புப் பிரிவு, பந்தை உதைக்கும் தருணங்களுக்கான சிறப்புப் பிரிவு என்று அணி மூன்றாகப் பிரிந்திருக்கும். ஆட்டம் இடைவிடாமல் ஓடுவதில்லை. சில நொடிகளே நீடிக்கும் சிறு சிறு துண்டுகளாக நிகழும். ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் 11 பேரில் யார் எங்கே நிற்பது, யார் எந்தத் திசையில் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்பதெல்லாம் வெளியிலிருந்து தீர்மானிக்கப்பட்டுக் குறிப்புச் சொல்லாக உள்ளே அனுப்பப்படும். வேறெந்தக் குழு விளையாட்டிலும் பயிற்சியாளரின் கை இவ்வளவு தூரம் ஆட்டத்துக்குள் நீள்வதாகத் தெரியவில்லை. கல்லூரி அணியொன்றில் ஏறத்தாழ 100 வீரர்கள் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கு ஏன் இத்தனை துணைவர்கள் தேவைப்படுகிறார்கள் என்பது விளங்கும்.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, அணிகளைப் பல தட்டுகளாக வகுத்திருக்கிறது. எஃப்.பி.எஸ். எனப்படும் மேல்தட்டில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் உள்ளன. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா, மிச்சிகன் போன்ற புகழ்பெற்ற அணிகளெல்லாம் இங்கேதான். அதற்குக் கீழே எஃப்.சி.எஸ்., இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று இறங்கிச் செல்லும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. அங்குள்ள துணைப் பயிற்சியாளர் கல்லூரியில் வேறொரு வேலையையும் சேர்த்துப் பார்ப்பது சாதாரணம். ஒருவருடைய பணிவாழ்க்கை இந்தத் தட்டுகளுக்கிடையே மேலும் கீழும் பக்கவாட்டிலும் அலைந்தபடிதான் நகரும்.

மேல்தட்டு அணியின் படிநிலையை எளிதாகச் சொல்லிவிடலாம். உச்சியில் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு அடுத்து, தாக்குதலுக்கு ஒருவரும் தற்காப்புக்கு ஒருவருமாக இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள். பல அணிகளில் சிறப்புப் பிரிவுக்கும் ஒருவர். அவர்களுக்குக் கீழே குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்பவர்) என ஒவ்வொரு ஆட்ட இடத்துக்கும் பொறுப்பேற்கும் பொசிஷன் பயிற்சியாளர்கள். அடித்தளத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்ட் என்றும் சுருக்கமாக ஜி.ஏ. என்றும் அழைக்கப்படும் இளைஞர்கள். இவற்றுக்கு நடுவே ‘இணை ஒருங்கிணைப்பாளர்’, ‘ஓட்ட ஆட்ட ஒருங்கிணைப்பாளர்’, ‘உதவித் தலைமைப் பயிற்சியாளர்’ என்று பட்டங்கள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றில் பல, ஒருவரை வேறு அணி கவர்ந்து செல்லாமல் தடுப்பதற்காகவோ சம்பள உயர்வுக்குக் காரணம் காட்டுவதற்காகவோ வழங்கப்படுபவை. ஆகவே பட்டத்தை மட்டும் வைத்து ஒருவருடைய உண்மையான அதிகாரத்தை அளந்துவிட முடியாது. ஆட்டத்தின்போது ஒவ்வொரு துண்டுக்குமான உத்தியை முடிவு செய்பவர் யார் என்று கேட்பதே சரியான கேள்வி.

நுழைவாயில்

இத்தொழிலுக்கான வழக்கமான வாசல் ஜி.ஏ. பணி. கல்லூரியில் ஆடி முடித்த ஒருவர், தொழில்முறை அணிகள் தம்மைத் தேர்ந்தெடுக்காத நிலையில், அதே பல்கலைக்கழகத்திலோ வேறொன்றிலோ முதுகலைப் படிப்பில் சேர்ந்து, படிப்புச் செலவும் சிறு உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, வழக்கமாக இரண்டு ஆண்டுகள் அணியில் வேலை செய்வார். பெயருக்குப் படிப்பு, நாளின் பெரும்பகுதி கால்பந்துக் கட்டடத்தில்தான் கழியும். எதிரணியின் பழைய ஆட்டங்களைக் காணொளியில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு துண்டிலும் அவர்கள் எந்த அமைப்பில் நின்றார்கள், எத்தனையாவது முயற்சியில் எறிந்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று குறித்து அட்டவணையாக்க வேண்டும். அதிலிருந்து எதிரணியின் உத்திகளை அட்டைகளில் வரைந்து, பயிற்சியின்போது எதிரணிபோல் நடிக்கும் மாற்று வீரர்களுக்கு உயர்த்திப் பிடித்துக் காட்ட வேண்டும். விமான நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்து வருவதும் மேலே உள்ளவர்களுக்குச் சாப்பாடு வாங்கி வருவதும்கூட இவர் தலையில்தான் விழும்.

வெளியிலிருந்து பார்க்கையில் எடுபிடி வேலைபோல் தோன்றும் இதில்தான் தொழிலின் சாரம் இருக்கிறது. ஓர் எதிரணியின் 60 நிமிட ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதும் இளைஞர், அந்தப் பருவம் முடிவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களின் சிந்தனைப் போக்கைப் படித்துவிடுகிறார். அதே வேளையில், அவர் எப்போது வருகிறார், தவறு நேர்ந்தால் எப்படி ஒப்புக்கொள்கிறார், ரகசியத்தை எப்படிக் காக்கிறார் என்பதை மேலே உள்ள பத்துப் பேர் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் சில ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறுவார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆள் தேவைப்படும் நாளில் இவர் பெயர் அவர் நினைவுக்கு வர வேண்டும்; அதற்காகவே இந்த இரண்டு ஆண்டுகள்.

இந்த வாசலில் திட்டமிட்டு நுழைந்தவர்களும் உண்டு, தற்செயலாக வந்து நின்றவர்களும் உண்டு. ஏழு தேசியப் பட்டங்களை வென்று 2024 ஜனவரியில் ஓய்வு பெற்ற நிக் சேபன், 1973-இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டான் ஜேம்ஸிடம் ஜி.ஏ. ஆகச் சேர்ந்தார். பயிற்சியாளர் ஆகும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. மனைவியின் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருந்ததால் அந்த ஊரிலேயே இருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவே. அதன்பின் அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனது 1990-இல், டொலீடோவில். இடைப்பட்ட ஆண்டுகளில் சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், கடற்படை அகாடமி, மிச்சிகன் ஸ்டேட், தொழில்முறை அணியான ஹூஸ்டன் ஆய்லர்ஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். பின்னாளில் இத்தொழிலின் உச்சியைத் தொட்டவருக்கே முதல் நாற்காலி கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று.

வேறு வாசல்களும் இருக்கின்றன. கஸ் மால்ஸான் ஆர்கன்ஸா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்தவர். 2006-இல் ஆர்கன்ஸா பல்கலைக்கழகம் அவரை நேரடியாகத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அமர்த்தியது. 2010-இல் ஆபர்ன் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வென்றபோது அதன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். பள்ளியிலிருந்து ஒருவரை அழைப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு: அவருக்கு அந்த மாநிலத்தின் பள்ளிப் பயிற்சியாளர்கள் அனைவரையும் தெரிந்திருக்கும், அவர்கள் வழியாக நல்ல மாணவர்கள் வந்து சேர்வார்கள். மைக் லீச்சின் கதை இதைவிட விசித்திரமானது. அவர் கல்லூரிக் கால்பந்து ஆடியதே இல்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற பிறகு, வழக்கறிஞர் ஆவதை விட்டுவிட்டுச் சிறு கல்லூரிகளில் சொற்பச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் ஆனார். பின்லாந்தில் ஓர் அணியையும் நடத்தினார். அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் ஹால் மம்மியுடன் சேர்ந்து ‘ஏர் ரெய்டு’ எனப்படும் எறிதல் ஆட்டமுறையை வளர்த்தெடுத்தார். மம்மி வால்டோஸ்டா ஸ்டேட்டுக்கும் பிறகு கென்டக்கிக்கும் சென்றபோது லீச்சும் கூடவே சென்றார். 2000-இல் டெக்சஸ் டெக் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. ஆடிய அனுபவம் இல்லாதவர்களுக்கும் இத்தொழிலில் இடம் உண்டு என்பதற்கு அவர் சான்று. ஆனால் அவரையும் கைப்பிடித்து ஊர் ஊராக அழைத்துச் சென்ற ஒருவர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொசிஷன் பயிற்சியாளர்

ஜி.ஏ. காலம் முடிந்ததும், பெரும்பாலோர் கீழ்த்தட்டு அணியொன்றில் பொசிஷன் பயிற்சியாளராகச் சேர முயல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடைபெறும். 1922-இல் தோன்றிய இச்சங்கத்தின் மாநாட்டில் வகுப்புகளும் உரைகளும் உண்டு என்றாலும், விடுதியின் வரவேற்புக் கூடத்தில் தன்விவரக் குறிப்புகளுடன் வலம் வரும் இளைஞர்களுக்கு அது ஒரு வேலைவாய்ப்புச் சந்தை. விளம்பரம் வெளியிட்டு, விண்ணப்பம் பெற்று, மதிப்பெண் போட்டு ஆளெடுக்கும் முறை விதிப்படி இருக்கவே செய்கிறது. ஆனால் விளம்பரம் வெளியாகும்போது பெரும்பாலும் யார் வரப்போகிறார் என்பது முடிவாகியிருக்கும்.

பொசிஷன் பயிற்சியாளருக்கு இரண்டு முகங்கள். ஒன்று ஆசிரியர் முகம். தன் கீழுள்ள பத்துப் பதினைந்து மாணவர்களுக்கு அடி வைக்கும் முறை முதல் எதிராளியின் தோள் அசைவைப் படிப்பது வரை கற்பிக்க வேண்டும். பருவத்தின்போது மாணவர்களைக் கட்டாயப் பயிற்சியில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. பயிற்சியாளருக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை; அந்த 20 மணி நேரத்தை வீணாக்காமல் திட்டமிடவே அவருடைய இரவுகள் செலவாகின்றன.

மற்றொன்று வீரர் சேர்ப்பு முகம். தொழில்முறைக் கழகங்களைப்போல் வீரர்களை ஏலத்திலோ வரிசைமுறையிலோ எடுக்கும் வழக்கம் கல்லூரிகளில் இல்லை. 16, 17 வயதுப் பள்ளி மாணவனையும் அவன் பெற்றோரையும் நேரில் கண்டு, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள் என்று இணங்கவைக்க வேண்டும். ஒவ்வொரு துணைப் பயிற்சியாளருக்கும் ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்படும்: ஒருவருக்குத் தெற்கு ஃபுளோரிடா, இன்னொருவருக்கு ஹூஸ்டன் நகரம் என்பதுபோல. அப்பகுதிப் பள்ளிகளின் பயிற்சியாளர்களோடு ஆண்டுக்கணக்கில் உறவைப் பேண வேண்டும். இந்தத் திறமை உள்ளவருக்கு வேலை கிடைப்பது எளிது. உத்தியில் சுமாராக இருந்தாலும் ஆட்களைக் கொண்டுவருபவரை அணிகள் விடுவதில்லை.

ஆனால் இதற்குள் ஓர் அநீதியும் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. கறுப்பினப் பயிற்சியாளர்களை வீரர் சேர்ப்புக்கும் ரன்னிங் பேக் போன்ற இடங்களுக்கும் மட்டுமே பயன்படுத்தி, ஆட்டத்தை வகுக்கும் ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு அவர்களை உயர்த்தாமல் விடுவது வழக்கமாக இருந்தது. ஒருங்கிணைப்பாளர் ஆகாதவரைத் தலைமைப் பதவிக்குக் கருதமாட்டார்கள் என்பதால், கதவு இரண்டு படிகளுக்குக் கீழேயே சாத்தப்பட்டுவிடும். மேல்தட்டில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக வில்லி ஜெஃப்ரிஸ் விச்சிட்டா ஸ்டேட்டில் பொறுப்பேற்றது 1979-இல்தான். தென்கிழக்கு மாநிலங்களின் வலிமைமிக்க எஸ்.இ.சி. கூட்டமைப்பில் அந்த நிலை வர 2003 டிசம்பர் வரை, மிசிசிப்பி ஸ்டேட் சில்வெஸ்டர் க்ரூமை நியமிக்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. மார்கஸ் ஃப்ரீமன் 2010-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் ஜி.ஏ. ஆகத் தொடங்கி, கென்ட் ஸ்டேட், பர்டூ ஆகிய இடங்களில் லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்து, சின்சினாட்டியிலும் நோட்டர் டேமிலும் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகி, 2021 டிசம்பரில் நோட்டர் டேமின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2025 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்துக்குத் தன் அணியை அழைத்துச் சென்றபோது, அவ்வாறு சென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்று அவர் குறிப்பிடப்பட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்படும் விளையாட்டில் இது இவ்வளவு தாமதமாக நிகழ்ந்ததற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்ட முடியாது.

ஒருங்கிணைப்பாளர்

பொசிஷன் பயிற்சியாளருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் இடையிலான தூரம் இப்பாதையிலேயே கடினமான தூரம். முன்னவர் கற்பிப்பவர், பின்னவர் முடிவெடுப்பவர். ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில், நூற்றுக்கணக்கான உத்திகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும். சிலர் களத்தின் ஓரத்தில் நின்று வீரர்களின் முகத்தைப் பார்த்தபடி உத்தியைச் சொல்வார்கள். சிலர் அரங்கின் உச்சி அறையிலிருந்து முழுக் களத்தையும் பார்த்தபடி சொல்வார்கள். முன்பெல்லாம் கைச்சைகைகளாலும் பெரிய படப் பலகைகளாலும் செய்தி போகும். 2024 பருவம் முதல் மேல்தட்டில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் நேரடியாகப் பேச அனுமதி வந்திருக்கிறது. அடுத்த துண்டைத் தொடங்குவதற்குள்ள அவகாசத்தைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடிகள் எஞ்சியிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும்.

இங்குவரை வந்தவரின் பயணம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட்டை எடுத்துக்கொள்ளலாம். ஜார்ஜியாவில் ஆடியவர். 1999-இல் அங்கேயே நிர்வாக உதவியாளர். 2000-இல் இரண்டாம் பிரிவு அணியான வால்டோஸ்டா ஸ்டேட்டில் பின்களத் தற்காப்பாளர்களின் பயிற்சியாளர். அடுத்த ஆண்டே அங்கே தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். உயர்வுக்கு மேல் உயர்வு என்று நினைக்கும்போது, 2002-இல் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு ஜி.ஏ. ஆகப் போகிறார். ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் அடித்தளத்துக்கு இறங்குவது பிழைபோல் தோன்றும். ஆனால் சிறிய கல்லூரியின் உயர்ந்த பதவியைவிடப் பெரிய அணியின் தாழ்ந்த பதவி அதிகப் பேரின் கண்ணில் படும் என்பது இத்தொழிலில் அனைவரும் அறிந்த கணக்கு. 2004-இல் எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேபனிடம் சேர்கிறார். அங்கே தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் வில் மஸ்சாம்ப். அவரும் ஜார்ஜியாவில் ஆடியவர், வால்டோஸ்டாவில் ஸ்மார்ட்டுக்கு மேலே இருந்தவர். பிறகு ஓராண்டு ஜார்ஜியா. ஓராண்டு தொழில்முறை அணியான மயாமி டால்ஃபின்ஸ், மீண்டும் சேபனிடம். 2007-இல் சேபன் அலபாமாவுக்குச் சென்றபோது ஸ்மார்ட்டும் சென்றார், 2008 முதல் 2015 வரை தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தார். 2015 டிசம்பரில் ஜார்ஜியா அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. 2021, 2022 பருவங்களில் தேசியப் பட்டம் வென்றார். இடைக்காலத்தில் ஃபுளோரிடா, சௌத் கேரொலைனா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பதவி வகித்து நீக்கப்பட்ட மஸ்சாம்ப், 2021-இல் ஸ்மார்ட்டிடம் துணைப் பணிக்கு வந்து சேர்ந்தார். மேலே இருந்தவர் கீழே வருவதை இத்தொழிலில் யாரும் அவமானமாகக் கருதுவதில்லை.

இத்தகைய தொடர்பு வலையைப் பயிற்சியாளர் மரம் என்று அழைப்பார்கள். 1980-களின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹெய்டன் ஃப்ரையிடம் பணியாற்றியவர்களில் பில் ஸ்னைடர் பின்னர் கேன்சஸ் ஸ்டேட்டையும், பேரி அல்வாரஸ் விஸ்கான்சினையும், கெர்க் ஃபெரன்ஸ் அதே அயோவாவையும் நடத்தினார்கள். ஃப்ரையிடம் ஆடிய பாப் ஸ்டூப்ஸ், ஸ்னைடரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து, 1999-இல் ஓக்லஹோமாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கேன்சஸ் ஸ்டேட்டில் ஆடி அங்கேயே ஜி.ஏ. ஆன பிரென்ட் வெனபிள்ஸ் ஸ்டூப்ஸுடன் ஓக்லஹோமாவுக்குப் போனார். 2012-இல் கிளெம்சனுக்குச் சென்று பத்தாண்டுகள் தற்காப்பை வழிநடத்தினார். 2021 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக ஓக்லஹோமாவுக்கே திரும்பினார். துணைப் பயிற்சியாளர்களில் சிறந்தவருக்கு 1996 முதல் வழங்கப்படும் பிராய்ல்ஸ் விருதும் இத்தகைய மரமொன்றின் வேரான ஆர்கன்ஸாவின் ஃபிராங்க் பிராய்ல்ஸின் பெயரைத் தாங்கியதுதான். அவரிடம் துணைவர்களாக இருந்தவர்களில் பேரி ஸ்விட்சர், ஜிம்மி ஜான்சன், ஜோ கிப்ஸ் ஆகியோர் உண்டு. வெனபிள்ஸ் 2016-இலும் ஸ்மார்ட் 2009-இலும் இந்த விருதைப் பெற்றவர்கள்.

வேலை போகும் விதம்

தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால், புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். பழைய துணைவர்களில் ஓரிருவரை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வீட்டை விற்று, பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டியதுதான். தனிப்பட்ட முறையில் நன்றாக வேலை செய்தோம் என்ற வாதம் இங்கே எடுபடாது. தலைமைப் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு: ஆபர்னில் 2010 பருவத்தில் தேசியப் பட்டம் வென்ற ஜீன் சிசிக், 2012 நவம்பரிலேயே நீக்கப்பட்டார்.

டாபோ ஸ்வினி அலபாமாவில் ஜி.ஏ. ஆகத் தொடங்கி முழுநேரத் துணைப் பயிற்சியாளர் ஆனவர். 2000 பருவத்தோடு அங்கே தலைமைப் பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டபோது அவருக்கும் வேலை போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகள் வணிக வளாகங்களைக் கட்டி வாடகைக்கு விடும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். அலபாமா நாட்களிலேயே அவரை அறிந்திருந்த டாமி பௌடன் 2003-இல் கிளெம்சனுக்கு அழைக்காமல் இருந்திருந்தால், அவர் அந்தத் தொழிலிலேயே நிலைத்திருக்கக் கூடும். 2008 அக்டோபரில், பருவத்தின் நடுவே பௌடன் விலகினார். ஒருங்கிணைப்பாளராக ஒருநாளும் இருந்திராத ஸ்வினியிடம் அணி தற்காலிகமாக ஒப்படைக்கப்பட்டது. பிறகு அதுவே நிரந்தரமாயிற்று. 2016, 2018 பருவங்களின் தேசியப் பட்டங்கள் கிளெம்சனுக்குக் கிடைத்தன. படிகளைத் தாண்டிக் குதித்த அரிய நிகழ்வு இது. இதைப் பொதுவழி என்று எண்ணிவிடக் கூடாது.

தலைமைப் பயிற்சியாளர் தோற்றால் மட்டும்தான் துணைவர்களுக்குச் சிக்கல் என்பதில்லை. அவர் வென்றாலும் சிக்கல்தான். 2025 நவம்பர் இறுதியில், வரலாறு காணாத வெற்றிப் பருவத்தில் இருந்த மிசிசிப்பி பல்கலைக்கழக அணியை விட்டு லேன் கிஃபின் எல்.எஸ்.யு.வுக்குப் போனார். தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த பீட் கோல்டிங்கை மிசிசிப்பி தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டது. எல்.எஸ்.யு.வுக்குச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த சில துணைவர்களோ, தேசியப் பட்டத்துக்கான சுற்றுகள் முடியும்வரை பழைய அணிக்கும் வேலை பார்த்தார்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மாணவர் சேர்க்கை, அணி மாற விரும்பும் வீரர்களின் வருகை, இறுதிச் சுற்று ஆட்டங்கள், வேலை மாற்றம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவது பல ஆண்டுகளாகப் பயிற்சியாளர்கள் சொல்லிவரும் குறை.

சம்பளமும் ஒப்பந்தமும்

இதே கிஃபின் குடும்பம் சம்பள வரலாற்றிலும் இடம்பெறுகிறது. 2009-இல் லேன் கிஃபின் டென்னசியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது, தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்ற தன் தந்தை மான்டி கிஃபினைத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக அமர்த்தினார். ஆண்டுக்கு ஏறக்குறைய 12 லட்சம் டாலர் என்பது அப்போது ஒரு துணைப் பயிற்சியாளருக்குக் கேள்விப்படாத தொகை. ஒரே பருவத்துக்குப் பின் மகன் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குத் தாவினார். தந்தையும் கூடவே போனார். இன்று பெரிய கூட்டமைப்புகளில் 10 லட்சம் டாலரைத் தாண்டும் ஒருங்கிணைப்பாளர்கள் வியப்புக்குரியவர்கள் அல்லர். அவர்களில் முன்னணியில் உள்ளவர்கள் 20 லட்சத்தையும் கடந்துவிட்டார்கள். அதே கட்டடத்தில் வேலை செய்யும் ஜி.ஏ.வின் உதவித்தொகை வாடகைக்கே போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கீழ்த்தட்டுகளில் முழுநேரப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளமே கிடைக்கிறது.

ஒப்பந்தக் காலம் ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள், மற்றவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள். காலம் முடிவதற்குள் நீக்கினால் எஞ்சிய தொகையைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். ஆனால் பல ஒப்பந்தங்களில், நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட முயல வேண்டும் என்றும், புதிய வேலையில் கிடைக்கும் சம்பளம் பழைய பாக்கியிலிருந்து கழிக்கப்படும் என்றும் ஒரு விதி இருக்கும். தலைமைப் பயிற்சியாளர்களுக்கான தொகைகள் வேறு உலகம்: 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை நீக்கிய டெக்சஸ் ஏ அண்ட் எம் அவருக்கு ஏறத்தாழ 7.6 கோடி டாலர் தர வேண்டியிருந்தது.

வேலை இழந்தவர்கள் ஒதுங்கும் இடமாக ‘அனலிஸ்ட்’ என்ற பதவி கடந்த இருபது ஆண்டுகளில் வளர்ந்தது. துணைப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு வைத்திருந்தது, 2018 தொடக்கத்தில்தான் அது ஒன்பதிலிருந்து பத்தானது. அந்த வரம்புக்கு வெளியே, களத்தில் வீரர்களுக்குக் கற்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, காணொளி ஆய்வுக்காக எத்தனை பேரையும் வைத்துக்கொள்ள முடிந்தது. இதை மிகத் திறமையாகப் பயன்படுத்தியவர் அலபாமாவில் சேபன். தெற்குக் கலிபோர்னியாவில் தலைமைப் பதவியை இழந்த ஸ்டீவ் சார்கிசியன் 2016-இல் அலபாமாவில் அனலிஸ்டாகச் சேர்ந்தார். தொழில்முறை அணியொன்றில் சில காலம் இருந்துவிட்டுத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அலபாமாவுக்குத் திரும்பினார். 2020-இல் பிராய்ல்ஸ் விருது பெற்று, 2021-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

மேலே போக விரும்பாதவர்கள்

எல்லாரும் தலைமைப் பதவியைத் தேடி ஓடுகிறார்கள் என்று எண்ணுவது சரியன்று. தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் நன்கொடையாளர்களைச் சந்திப்பது, செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வது, வீரர்களுக்கான பணத்தைப் பங்கிடுவது என்று ஆட்டத்துக்கு வெளியே உள்ள வேலைகள் பெருகிவிடும். பட் ஃபாஸ்டர் 1987-இல் மரே ஸ்டேட்டிலிருந்து ஃபிராங்க் பீமருடன் வர்ஜீனியா டெக்குக்கு வந்தார். 1990-களின் நடுவிலிருந்து 2019 வரை அதன் தற்காப்பை வழிநடத்தினார். 2015-இல் பீமர் ஓய்வு பெற்றபோது, புதிதாக வந்த ஜஸ்டின் ஃபுவென்டே அவரைத் தக்கவைத்துக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் மாறியும் இடம் மாறாமல் இருப்பது இத்தொழிலில் தேசியப் பட்டங்களைவிட அரிது. அயோவாவில் ஃபில் பார்க்கர் 1999 முதல் ஃபெரன்ஸிடம் இருக்கிறார். 2012 முதல் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். 2023-இல் பிராய்ல்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. எந்தத் தலைமைப் பயிற்சியாளரிடம் சேர்கிறோம் என்பதில் இருவருக்கும் வாய்த்தது வேறு பலருக்கு வாய்க்கவில்லை. அந்த நல்வாய்ப்பைத் திறமைக்குச் சமமாகவே நான் எடைபோடுவேன்.

அண்மை ஆண்டுகளில் தலைமைப் பதவியிலிருந்து தாமாகவே இறங்குகிறவர்களையும் காண்கிறோம். 2024 ஜனவரியில் பாஸ்டன் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஹாஃப்லி, தொழில்முறை அணியான கிரீன் பே பேக்கர்ஸுக்குத் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராகச் சென்றார். அடுத்த மாதமே கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியை விட்டுவிட்டு சிப் கெல்லி ஒஹாயோ ஸ்டேட்டின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார். வீரர்கள் விருப்பம்போல் அணி மாறவும் தங்கள் பெயரைக் கொண்டு பணம் ஈட்டவும் வழி பிறந்த பிறகு, தலைமைப் பதவியின் தன்மையே மாறிவிட்டது என்பதை இத்தகைய முடிவுகள் காட்டுகின்றன.

அடித்தளத்திலும் விதிகள் மாறிவிட்டன. 2024 ஜூனில் என்.சி.ஏ.ஏ., அணிப் பணியாளர் எவரும் களத்தில் கற்பிக்கலாம் என்று அனுமதித்தது. இதனால் அனலிஸ்டுக்கும் பொசிஷன் பயிற்சியாளருக்கும் இடையிலிருந்த சுவர் பயிற்சிக் களத்தில் தகர்ந்தது. பள்ளிகளுக்கு நேரில் சென்று வீரர்களைச் சந்திக்கும் உரிமை மட்டும் தலைமைப் பயிற்சியாளருக்கும் பத்துத் துணைவர்களுக்கும் உரியதாகவே தொடர்கிறது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கியதால், யாருக்கு எவ்வளவு, எந்த வீரரை எந்த விலைக்கு அழைப்பது என்று கணக்கிடத் தனி அலுவலகங்கள் உருவாகியுள்ளன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024 நவம்பரில் தன் முன்னாள் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கைக் கால்பந்தின் பொது மேலாளராக நியமித்தது; அவர் பயிற்சியாளர் படிகளில் ஏறி வந்தவர் அல்லர். இப்போது ஜி.ஏ. அல்லது மாணவ உதவியாளராக ஒரு கால்பந்துக் கட்டடத்துக்குள் நுழையும் இளைஞர், முதல் ஆண்டிலேயே வீரர்களை மதிப்பிட்டு விலை பேசும் அலுவலகத்துக்குப் போவதா, களத்தில் நின்று கற்பிக்கும் பக்கம் போவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.